ரிக்ளி பீல்டில் கிளப்பை எங்கே வைத்தார்கள்?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்விகள். சிகாகோவின் நூறு வயது கடந்த ரிக்ளி பீல்ட் பேஸ்பால் மைதானத்தைப் பெரும் பணம் கொட்டிப் புதுப்பித்து, உணவுக்கூடமும் மதுக்கூடமும் சேர்ந்த சொகுசு கிளப்புகளைக் கட்டினார்கள். வசதி கூடினால் ரசிகர்கள் மகிழத்தானே வேண்டும், ஏன் அத்தனை பேர் முகம் சுளித்தார்கள் என்பது முதல் கேள்வி. அடுத்த கோடையில் அங்கே ஓர் ஆட்டம் பார்க்கப் போகிறேன், எந்த இருக்கைக்கு டிக்கெட் எடுப்பது என்பது இரண்டாவது. இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில்தான் கிடக்கிறது. கட்டடப் பொறியியல் படித்தவன், அந்த ஊரில் சில கோடைகளைக் கழித்தவன் என்ற முறையில் சேர்த்தே சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

சொகுசின் மேல் ரசிகர்களுக்குப் பகை கிடையாது. யாரோ ஒருவர் மெத்தை நாற்காலியில் சாய்ந்து இறால் சாப்பிட்டால், மேல் அடுக்கில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருப்பவருக்கு என்ன போயிற்று? அவர் கேட்பது ஒன்றே ஒன்று: அந்த நாற்காலிக்கான இடத்தை யாரிடமிருந்து எடுத்தீர்கள்? ஆடுகளத்தின் அளவு மாறாது. அதைச் சுற்றி நல்ல பார்வை கிடைக்கும் இடமும் அளவானதுதான். அதற்குள் ஒரு கிளப் நுழைந்தால் வேறு ஏதோ ஒன்று மேலே ஏற வேண்டும், பின்னால் தள்ளிப்போக வேண்டும், அல்லது கிளப்பே பூமிக்குள் இறங்க வேண்டும். இவற்றில் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று தெரிந்தால் ரசிகர்களின் கோபம் எவ்வளவு என்பதைக் கிட்டத்தட்ட சொல்லிவிடலாம். இதற்கான இரண்டு சாட்சிகளும் சிகாகோவிலேயே நிற்கின்றன.

ஊரில் இரண்டு பேஸ்பால் அணிகள்: தெற்கே ஒயிட் சாக்ஸ், வடக்கே கப்ஸ். ஒயிட் சாக்ஸின் பழைய கோமிஸ்கி பார்க் 1910-ல் திறக்கப்பட்டது. ரிக்ளி 1914-ல் வேறு பெயரில், வேறு ஓர் அணிக்காகக் கட்டப்பட்டது. கப்ஸ் அங்கே குடிபோனது 1916-ல். இரண்டையும் வரைந்தவர் ஒரே கட்டடக்கலைஞர், சக்கரி டெய்லர் டேவிஸ். இரண்டிலும் மேல் அடுக்கைத் தாங்க எஃகுத் தூண்கள் கீழ் அடுக்கின் நடுவிலேயே நின்றன. தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தவருக்குப் பந்தை எறிபவர் தெரிந்தால் அடிப்பவர் தெரியமாட்டார், கழுத்தை ஒருபக்கம் சாய்த்தே மூன்று மணி நேரம் ஓட்ட வேண்டும். இதைப் பழைய காலத்துப் பொறியியலின் குறை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

ஆனால் அந்தத் தூண் ஒரு வேலையும் செய்தது. தூண் கீழ் அடுக்குக்குள் நிற்பதால்தான் மேல் அடுக்கு கீழ் அடுக்கின் தலைக்கு மேலேயே வந்து, ஆடுகளத்தை எட்டிப் பார்க்க முடிந்தது. தூணை எடுத்துவிட்டால் மேல் அடுக்கு தன் எடையைப் பின்னாலிருந்தே தாங்க வேண்டும், ஆகவே அடுக்கே பின்னால் நகர்ந்தாக வேண்டும். கீழே நூறு பேருக்குக் கழுத்துவலி போகும். மேலே ஆயிரக்கணக்கானோருக்கு ஆட்டம் தூரமாகிவிடும். கணக்கு இவ்வளவுதான்.

1980களில் ஒயிட் சாக்ஸ் உரிமையாளர்கள் புது மைதானம் கட்டித் தராவிட்டால் ஃபுளோரிடாவுக்குப் போய்விடுவோம் என்றார்கள். 1988 ஜூன் 30 நள்ளிரவோடு சிகாகோ அடங்கிய இல்லினாய் மாநிலத்தின் சட்டமன்றக் கூட்டம் முடிய வேண்டும். மைதானத்துக்குப் பணம் தரும் சட்டத்தின் மேல் ஓட்டு முடிவதற்குள் மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. அவைக் கடிகாரத்தை நிறுத்திவைத்து, நள்ளிரவுக்கு முன்பே நிறைவேறியதாகக் குறித்துக்கொண்டார்கள். அப்படிப் பொதுப்பணத்தில் எழுந்ததுதான் 1991-ல் திறக்கப்பட்ட புதிய கோமிஸ்கி பார்க். தூண் கிடையாது, நடைகூடங்கள் அகலம், கீழ் அடுக்குக்கும் மேல் அடுக்குக்கும் நடுவே தனியறை வரிசைகள், கிளப் அடுக்கு. காகிதத்தில் பார்த்தால் எந்தக் குறையும் இல்லை.

உள்ளே போனவர்கள் மேல் அடுக்குக்கு ஏறினார்கள், ஏறினார்கள், ஏறிக்கொண்டே இருந்தார்கள். நடுவில் செருகிய சொகுசு வரிசைகள் மேல் அடுக்கை உயரத்துக்குத் தூக்கிவிட்டன, தூண் இல்லாததால் பின்னாலும் தள்ளிவிட்டன. சரிவும் செங்குத்து. பழைய மைதானத்து மேல் அடுக்கின் கடைசி வரிசை, புதிய மைதானத்து மேல் அடுக்கின் முதல் வரிசையைவிட ஆடுகளத்துக்குப் பக்கத்தில் இருந்தது என்று மைதான வடிவமைப்பைப் பற்றிப் பேசுபவர்கள் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்கள். கட்டி முடித்துப் பதிமூன்று ஆண்டுகளுக்குள் மேல் அடுக்கின் உச்சியில் இருந்த எட்டு வரிசைகளை, ஏறக்குறைய 6,600 இருக்கைகளை, வெட்டி எடுத்துவிட்டு மேலே தட்டைக் கூரை போட்டார்கள். விற்க வேண்டிய இருக்கையை முதலாளியே இடித்தார் என்றால், அங்கே உட்கார்ந்தவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

வடக்கே இருந்த கப்ஸ் ரசிகர்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அதனால் 2009-ல் ரிக்கெட்ஸ் குடும்பம் அணியையும் மைதானத்தையும் வாங்கிப் புதுப்பிக்கப்போகிறோம் என்றதும், முதலில் வந்த உணர்ச்சி பயம்.

புதுப்பிக்கத் தேவை இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. 2004-ல் மேல் அடுக்கின் அடியிலிருந்து கான்கிரீட் துண்டுகள் பெயர்ந்து விழுந்தன. மக்கள் தலையில் விழாமல் இருக்க வலை கட்டினார்கள். வீரர்கள் உடைமாற்றும் அறை லீகிலேயே மிக நெருக்கடியானவற்றுள் ஒன்று. நடைகூடத்தில் இரண்டு ஆட்டச் சுற்றுகளுக்கு இடையே நகர முடியாது. ஆண்கள் கழிப்பறையில் தனித்தனிக் கிண்ணங்கள் கிடையாது, சுவரோரம் நீளமான உலோகத் தொட்டி, தோளோடு தோள் உரச வரிசையாக நிற்க வேண்டும். முதல் தடவை போகிறவர் வாசலிலேயே தயங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பின்னால் இருப்பவர் உள்ளே தள்ளிவிடுவார். வேடிக்கை என்னவென்றால், புதுப்பித்தபோது இந்தத் தொட்டிகளையாவது எடுத்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்தால், ரசிகர்களில் ஒரு பெரும் பகுதி தொட்டிக்காகவே வாதாடியது. வரிசை வேகமாக நகரும் என்பது அவர்கள் கட்சி. சில இடங்களில் அவை இன்னும் இருக்கின்றன.

இதுபோன்ற பிடிவாதத்தைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் ஓர் அணி ஓராண்டில் தன் மைதானத்தில் மட்டும் 81 ஆட்டங்கள் ஆடுகிறது. திருவிழாவுக்கு வருடம் ஒருமுறை போகிற கோயில் வேறு, தினமும் வாசல் வழியாகக் கடந்துபோகிற தெருமுனைக் கோயில் வேறு. அங்கே ஒரு விளக்கை இடம் மாற்றினாலும் கண்ணில் படும்.

வேலையின் பெயர் '1060 திட்டம்'. மைதானத்தின் முகவரி அடிசன் தெரு மேற்கு 1060 என்பதால் அந்தப் பெயர். 2013-ல் அறிவித்து, 2014 பருவம் முடிந்ததும் மண்ணைத் தோண்டினார்கள். அதற்கு முன்னால் பணத்துக்கான இழுபறி. முதலில் அரசுப் பத்திரம், கேளிக்கை வரி என்று பொதுப்பணத்தைத்தான் கேட்டார்கள். ஊரில் எடுபடவில்லை. அணி நிர்வாகத்தின் தலைவர் டாம் ரிக்கெட்ஸின் தந்தை, அதிபர் ஒபாமாவுக்கு எதிரான விளம்பரத்துக்குப் பணம் தர யோசிக்கிறார் என்ற செய்தி 2012-ல் வெளிவந்ததும், ஒபாமாவின் பழைய சகாவான மேயர் ராம் இமானுவேலுக்கு மூக்கின்மேல் கோபம். கடைசியில் எங்கள் சொந்தப் பணத்தில் கட்டிக்கொள்கிறோம், அதற்கு ஈடாக விளம்பரப் பலகையும் வீடியோ திரையும் வைக்க அனுமதி கொடுங்கள் என்று இறங்கிவந்தார்கள். அனுமதி தராவிட்டால் இடம் பெயர்வதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்று டாம் ரிக்கெட்ஸ் 2013-ல் சொன்னதை ரசிகர்கள் பலர் மன்னிக்கவே இல்லை. தெற்கே கேட்ட அதே பாட்டு என்று அவர்களுக்குப் பட்டது.

அனுமதி வாங்குவதும் சுலபமாக இல்லை. 2004-லேயே நகராட்சி ரிக்ளியைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்திருந்தது. செங்கல் சுவரில் படர்ந்த ஐவி கொடி, கையால் இயக்கும் ஸ்கோர்போர்டு, வாசலில் தொங்கும் சிவப்புப் பலகை, பார்வையாளர் அடுக்குகளின் தொடர்ச்சியான வளைவு ஆகியவற்றில் கைவைக்கக் கூடாது. கொடியும் ஸ்கோர்போர்டும் 1937-ல் வந்தவை. அந்த ஸ்கோர்போர்டுக்குள் இன்றைக்கும் ஆட்கள் ஏறி நின்று எண் எழுதிய எஃகுத் தகடுகளைக் கையால்தான் மாற்றுகிறார்கள். ஓர் ஓட்டம் எடுத்ததும் இருண்ட சதுரத்துக்குள் ஒரு கை தெரியும், தகடு கழலும், வேறு எண் வந்து உட்காரும். பக்கத்தில் எத்தனை பெரிய திரை வைத்தாலும் கண் அந்தக் கையைத்தான் தேடுகிறது.

இந்தக் கட்டுப்பாடுதான், என் கணிப்பில், ரிக்ளியைக் காப்பாற்றியது. நடுவில் சொகுசு வரிசையைச் செருகி மேல் அடுக்கைத் தூக்க முடியாது. தூண்களை எடுக்க முடியாது. அப்படியானால் கிளப்பை எங்கே வைப்பது? கீழே போனார்கள். வீரர்கள் அறையை மைதானத்துக்கு வெளியே, மேற்குப் பக்கத்துத் திடலின் அடியில், 30,000 சதுர அடியில் புதிதாகக் கட்டி 2016-ல் திறந்தார்கள். இருக்கைகளுக்கு அடியில் தோண்டி, பந்தை அடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் '1914 கிளப்' 2018-ல் வந்தது. அடுத்த ஆண்டில் இரண்டு பக்கமும் நிலத்தடியில் இன்னும் இரண்டு கிளப்புகள், மேல் அடுக்கில் பத்திரிகையாளர் அறைக்குப் பின்னால் ஒன்று. இரண்டு பக்கத்து மதில் ஓரமும் ஆடுகளத்துக்குள்ளேயே உட்கார்ந்து உடலைச் சூடாக்கிக்கொண்டிருந்த மாற்றுப் பந்து எறிபவர்களை 2017-ல் பிளீச்சருக்கு அடியில் அனுப்பி, அவர்கள் இருந்த இடத்தில் இருக்கைகளைப் போட்டார்கள். பிளீச்சர் என்பது ஹோம் பிளேட்டுக்கு எதிர்க்கோடியில், வெயிலில், பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கும் பகுதி. அதை விரிவாக்க உள்ளே இடமில்லை, கொடி படர்ந்த உள்சுவரைத் தொடக் கூடாது. ஆகவே வெளிச்சுவரைத் தெருப்பக்கம் தள்ளினார்கள். நடைபாதையில் சில அடிகளை நகராட்சி விட்டுக்கொடுத்தது.

யாரிடமிருந்து இடம் எடுத்தார்கள் என்று பாருங்கள்: மண்ணிடமிருந்து, நடைபாதையிடமிருந்து, வீரர்களின் பழைய அறையிடமிருந்து. மேல் அடுக்கில் இருந்தவர் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. கோமிஸ்கியில் எழுந்த கோபம் இங்கே எழாததற்குக் காரணம் ரிக்கெட்ஸ் குடும்பத்தின் கருணை என்று நான் நம்பவில்லை. நகராட்சியின் சட்டம் வழியை அடைத்துவிட்டதால்தான் பள்ளம் தோண்டினார்கள்.

இடம் இழந்தவர்கள் இல்லாமல் இல்லை. 1914 கிளப்போடு சேர்ந்த இருக்கைகள் ஹோம் பிளேட்டுக்கு நேர் பின்னால் இருக்கும் முதல் வரிசைகள். அங்கே பல ஆண்டுகளாக சீசன் டிக்கெட் வைத்திருந்தவருக்கு இரண்டே வழிகள்: கிளப் விலையைக் கொடுப்பது, அல்லது வேறு இருக்கைக்கு நகர்வது. அப்பா விட்டுப்போன இருக்கை, பக்கத்து இருக்கைக்காரரின் பிள்ளைகள் வளர்ந்ததைப் பார்த்த இருக்கை. அந்த வரிசையில் பணக்காரர்களும் இருந்தார்கள், மிச்சம் பிடித்துக் கட்டியவர்களும் இருந்தார்கள். இரண்டாமவர்கள் போய்விட்டார்கள். அவர்களுக்குக் கிளப் உணவு எப்படியிருந்தது என்று தெரிய வாய்ப்பில்லை.

2015 ஏப்ரல் 5, புதுப்பிப்பு தொடங்கிய பிறகு முதல் ஆட்டம், ஞாயிறு இரவு, செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கு எதிராக. இடப்பக்கம் ஏறக்குறைய 4,000 சதுர அடியில் புதிய வீடியோ திரை பளபளத்தது. பிளீச்சர் இன்னும் கட்டி முடியவில்லை, அங்கே வெறும் எஃகுச் சட்டம்தான். அதைவிடப் பெரிய வினை, மேல் அடுக்கில் சில கழிப்பறைகள் வேலை செய்யவில்லை. வரிசை நடைகூடத்தைத் தாண்டி நீண்டது. சிலர் பீர் குவளையிலேயே காரியத்தை முடித்தார்கள். மறுநாள் அணி மன்னிப்புக் கேட்டு, நகரும் கழிப்பறைகளைக் கொண்டுவந்து வைத்தது. பல கோடி டாலர் திட்டத்தைப் பற்றி ஊர் முதலில் பேசியது அந்தக் குவளைகளைப் பற்றித்தான். எந்த ரசிகரிடம் வசதி வேண்டுமா என்று கேட்டாலும் அவர் மனத்தில் முதலில் நிற்பது இதுதான்: போதுமான கழிப்பறை, நகர இடமுள்ள நடைகூடம், தலையில் விழாத கான்கிரீட். இவை எதற்கும் கிளப் உறுப்பினர் அட்டை தேவையில்லை.

வீடியோ திரையைப் பற்றிய பயம் வேறு வகை. பெரிய திரையே இல்லாத மைதானம் என்பதில் பெருமை கொண்டவர்கள் இருந்தார்கள். திரை வந்ததும் பாட்டும் விளம்பரமும் ஆட்டத்தை விழுங்கிவிடும் என்றார்கள். கொஞ்சம் விழுங்கவும் செய்தது. ஆனால் சர்ச்சைக்குரிய ஒரு முடிவு வந்ததும் ஆயிரக்கணக்கான தலைகள் ஒரே நேரத்தில் மறுஒளிபரப்புக்காகத் திரை பக்கம் திரும்புவதைப் பார்த்தால், எதிர்ப்பு எங்கே கரைந்தது என்று புரியும். இதற்கு முன்னுதாரணமும் அங்கேயே இருந்தது. 1988 வரை ரிக்ளியில் இரவு விளக்கு கிடையாது, எல்லா ஆட்டமும் பகலில். விளக்கு வேண்டாம் என்று அச்சிட்ட சட்டைகளைப் போட்டுக்கொண்டு ஊரே நின்றது. 1988 ஆகஸ்ட் 8 அன்று விளக்கேற்றிய முதல் ஆட்டம் நான்காவது சுற்றைக்கூட முடிக்கவில்லை, மழை வந்து கலைத்துவிட்டது. சாமிக்கே பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டவர்கள் உண்டு. மறுநாள் ஆடினார்கள். இன்றைக்கு அந்த விளக்குகளைக் கழற்றச் சொல்பவர் யாரும் இல்லை. ரசிகர் கருத்து என்று ஒன்றைக் கேட்டு எழுதிக்கொள்ளும்போது, எந்த ஆண்டில் கேட்டோம் என்பதையும் பக்கத்தில் குறித்துவைக்க வேண்டும்.

கூரைக்காரர்கள் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மைதானத்தின் எதிர்த்தெரு வீடுகளின் மொட்டைமாடியில் ஏறி ஆட்டம் பார்ப்பது பழைய வழக்கம். பிற்காலத்தில் அது படிக்கட்டு இருக்கை போட்டுச் சாப்பாடும் பீரும் கொடுத்து டிக்கெட் விற்கும் தொழிலாயிற்று. 2002-ல் அணி பச்சைத் துணிகட்டி மறைத்துப் பார்த்தது, வழக்கும் போட்டது. 2004-ல் வருமானத்தில் 17 சதவீதம் அணிக்கு என்று உடன்பாடு. புதிய திரைகள் பார்வையை மறைத்தபோது 2015-ல் கூரைக்காரர்களில் சிலர் வழக்குத் தொடுத்துத் தோற்றார்கள். ரிக்கெட்ஸ் குடும்பம் அந்தக் கூரைகளில் பெரும்பாலானவற்றை விலைக்கே வாங்கிவிட்டது. ரசிகர்கள் இதில் யார் பக்கமும் பெரிதாகச் சாயவில்லை. இரண்டு தரப்பும் டிக்கெட் விற்பவர்கள்தானே.

முதலாளிகளுக்குக் கிளப்பின் மேல் ஏன் இவ்வளவு ஆசை? சாதாரண இருக்கை ஒருமுறைதான் விற்கும். கிளப் இருக்கை பருவம் முழுவதற்கும் முன்கூட்டியே விற்கும், வாங்குவது பெரும்பாலும் நிறுவனங்கள், தோற்றுக்கொண்டிருக்கும் ஆண்டிலும் பணம் வந்துவிடும். லீக் விதிப்படி ஒவ்வோர் அணியும் தன் உள்ளூர் வருமானத்தில் 48 சதவீதத்தைப் பொதுப் பானையில் போட வேண்டும், ஆனால் மைதானச் செலவைக் கழித்துக்கொண்ட பிறகுதான். மைதானத்தில் செலவழிக்கக் கணக்கிலேயே ஒரு தூண்டுதல் இருக்கிறது.

அந்த ஆசை எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதை நியூயார்க் காட்டியது. 2009-ல் திறந்த புதிய யாங்கி ஸ்டேடியத்தில் முன்வரிசை இருக்கை ஒன்றுக்கு ஓர் ஆட்டத்துக்கு 2,500 டாலர் வரை விலை வைத்தார்கள். பேஸ்பால் ஒளிபரப்பில் முதன்மைக் கேமரா ஹோம் பிளேட்டுக்கு எதிர்க்கோடியில், நடுவில் இருக்கும். ஒவ்வொரு பந்து எறியும்போதும் எறிபவரின் முதுகும், அடிப்பவரும், அவருக்குப் பின்னால் ஹோம் பிளேட் இருக்கைகளும் திரையில் தெரியும். ஓர் ஆட்டத்தில் இருநூற்றுக்கும் மேற்பட்ட பந்துகள். அத்தனை தடவையும் நாடு முழுக்கத் தெரிந்தது காலி நீல நாற்காலிகள். சில வாரங்களுக்குள் விலையைப் பாதியாகக் குறைத்தார்கள். விற்ற இருக்கையும் காலியாகத்தான் தெரிந்தது, வாங்கியவர் உள்ளே சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தார். ரசிகர்கள் கோபமாகச் சொல்வதில் பாதி இந்தக் காட்சியைப் பற்றியதுதான்: நான் உட்கார ஆசைப்பட்ட இடத்தில் ஒருவரும் உட்காரவில்லை.

பாஸ்டனில் இதைவிட நுட்பமான ஒரு பாடம். ஃபென்வே பார்க் 1912-ல் திறந்தது, ரிக்ளியைவிட மூத்தது. 1980களின் கடைசியில் ஹோம் பிளேட்டுக்கு மேலே கண்ணாடி போட்ட சொகுசு அடுக்கு ஒன்றைக் கட்டினார்கள். குளிரவில்லை, மழை இல்லை, பரிமாற ஆள் உண்டு. ஆனால் மட்டையில் பந்து பட்ட சத்தம் கேட்காது, கூட்டத்தின் இரைச்சல் ஒலிபெருக்கி வழியாக வரும். மீன்தொட்டிக்குள் உட்கார்ந்தது போல. அந்த அடுக்கு காற்றின் போக்கையே மாற்றிவிட்டது என்று பாஸ்டனின் நட்சத்திர மட்டையாளர் வேட் பாக்ஸ் குறைப்பட்டுக்கொண்டார். 2006-ல் கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிட்டுத் திறந்த இருக்கைகளாக மாற்றினார்கள். அதே மைதானத்தில் 2003-ல், 37 அடி உயரப் பச்சைச் சுவரின் உச்சியில் சில வரிசைகள் இருக்கை போட்டார்கள். சுவருக்கு மேலே முன்பு வெறும் வலைதான் இருந்தது. ஒருவர் இடத்தையும் பறிக்கவில்லை. விலை அதிகம்தான், ஆனாலும் அந்த இருக்கைகளைப் பற்றி மோசமாகப் பேசிய ரசிகரை நான் சந்தித்ததில்லை. சொகுசுக்கு எதிர்ப்பு என்பது உண்மையானால் அவையும் திட்டு வாங்கியிருக்க வேண்டும்.

ரிக்ளிக்குத் திரும்புவோம். உண்மையில் பின்னுக்குத் தள்ளப்பட்டவர்கள் அங்கே ஒரு கூட்டம் உண்டு, அவர்களைப் பற்றிப் பொது விவாதத்தில் மிகக் குறைவாகவே பேச்சு வந்தது. சக்கர நாற்காலியில் வரும் ரசிகர்கள். 2022 ஜூலையில் அமெரிக்க அரசின் நீதித்துறையே அணியின் மேல் வழக்குப் போட்டது. முன்னால் இருப்பவர்கள் எழுந்து நின்றால் சக்கர நாற்காலிக்காரருக்கு ஆட்டம் தெரிவதில்லை, பொது இருக்கைப் பகுதிகளில் அவர்களைக் கடைசி வரிசையில் கொத்தாக ஒதுக்கிவிட்டார்கள், புதிய சொகுசு கிளப் பகுதிகளில் அவர்களுக்கு உரிய இடம் வைக்கவில்லை என்பவை குற்றச்சாட்டுகள். புதிதாகத் தோண்டிக் கட்டிய இடத்தில் இதைச் செய்ய முடியவில்லை என்று ஒரு பொறியாளர் சொன்னால் நான் ஏற்கமாட்டேன். பழைய தூணை நகர்த்துவது கடினம், புதிய படியை ஒரு அடி தாழ்த்துவது வரைபடத்தில் ஒரு கோடு. 2024-ல் சமரசம் ஏற்பட்டு, இருக்கைகளை மாற்றியமைக்க அணி ஒப்புக்கொண்டது.

மற்ற முணுமுணுப்புகளை 2016 அடக்கிவிட்டது. அந்த ஆண்டு கப்ஸ் லீகின் சாம்பியன் பட்டத்துக்கான வேர்ல்டு சீரீஸ் தொடரை வென்றது, 1908-க்குப் பிறகு முதல் முறையாக. 108 ஆண்டுகள் காத்திருந்தவர்கள் விளம்பரப் பலகையின் அகலத்தை அளந்துகொண்டிருப்பார்களா? புதுப்பிப்பிலிருந்து வரும் பணம் அணியைப் பலப்படுத்தும் என்று அணித்தரப்பு சொல்லிவந்தது. நிலத்தடிக் கிளப்புகள் எல்லாம் வென்ற பிறகு திறந்தவை என்பதையும் நினைவில் வையுங்கள். அதற்குப் பின் வந்த சுமாரான ஆண்டுகளில் முணுமுணுப்பு திரும்பிவிட்டது, இப்போது முழுக்க முழுக்க டிக்கெட் விலையைப் பற்றி. ஒரு காலத்தில் பிளீச்சர் டிக்கெட்டை ஆட்டத்தன்று காலையில்தான் விற்பார்கள். வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு வருபவர்கள், பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் சில்லறைக் காசில் உள்ளே போவார்கள். எதிரணிக்காரர் மதிலைத் தாண்டி அடித்த ஹோம் ரன் பந்து கையில் கிடைத்தால் திருப்பி ஆடுகளத்துக்கே எறிந்துவிடும் வழக்கம் அந்தக் கூட்டத்திலிருந்து பிறந்தது. பந்தை இன்றைக்கும் எறிகிறார்கள். காலையில் முடிவெடுத்து சில்லறையோடு வருபவரைத்தான் காணவில்லை.

இனி உங்கள் டிக்கெட். கிளப் இருக்கை வேண்டாம். சாப்பிடக் கீழே இறங்கினால் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில்தான் பார்ப்பீர்கள், அதற்குச் சிகாகோ வரை வர வேண்டியதில்லை. 200 எண் வரிசைகளில் பின்பகுதியைத் தவிர்த்துவிடுங்கள். தூண்கள் நிற்பது அங்கேதான், தலைக்கு மேல் மேல் அடுக்கு கவிந்திருப்பதால் உயரமாக அடித்த பந்தும் கண்ணுக்குத் தெரியாது. டிக்கெட்டில் பார்வை மறைப்பு என்று குறிப்பு இருந்தால் அதை நம்புங்கள். 300 எண் பகுதி, ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் அல்லது மூன்றாம் பேஸ் பக்கம் (பிளேட்டிலிருந்து ஆடுகளத்தைப் பார்த்தால் இடப்பக்கம்), எவ்வளவு முன்வரிசை கிடைக்குமோ அவ்வளவு முன்வரிசை. மேல் அடுக்குத்தான், ஆனால் எட்டிப் பார்த்தால் பந்து பிடிப்பவரின் அசைவு வரை தெரியும், ஆடுகளம் முழுவதும் விரித்துவைத்த வரைபடம் போலக் கிடக்கும், பின்னால் கொடி, அதற்கு மேல் ஸ்கோர்போர்டு. மூன்றாம் பேஸ் பக்கம் நிழல் சீக்கிரம் வரும். பகல் 1:20 ஆட்டமாகப் பார்த்து எடுங்கள். ஏரிக்காற்று அடித்தால் ஜூனில்கூடக் குளிரும், ஒரு மேல்சட்டை இருக்கட்டும். ரெட் லைன் ரயிலில் அடிசன் நிலையத்தில் இறங்கினால் மைதானம் எதிரிலேயே. கப்ஸ் வென்றால் ஸ்கோர்போர்டின் உச்சியில் நீல எழுத்துப் போட்ட வெள்ளைக் கொடியை ஏற்றுவார்கள், மைதானத்துக்குள் வராமல் ரயிலில் போகிறவர்களுக்கும் முடிவு தெரியட்டும் என்று வந்த வழக்கம். அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், எப்படியும் முதல் இரண்டு ரயில்களில் ஏற முடியாது.